கொழும்பில் மரநிழலில் நடக்க ஒரு காலை: பெத்தகானவுக்குப் போவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: கேட்பவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். டிசம்பரில் லண்டனிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. பிள்ளைகள் இருவருக்கும் பதினொன்றும் எட்டும் வயது. அங்கே மரங்கள் அடர்ந்த பூங்காக்களில் மணிக்கணக்கில் நடந்து பழகியவர்கள். கூடவே முழங்கால் வலியுள்ள அம்மாவும் வரவேண்டும். கொழும்புக்குள் அப்படியொரு இடம் இருக்கிறதா, அரை நாளில் போய்வர முடியுமா, எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும்?

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்கு இரண்டாவது இடம் எதையும் சேர்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தால் ஒரே நாளில் கங்காராமை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், கடைசியில் ஒரு பூங்கா என்று அடுக்குவது நம் வழக்கம். அந்தக் "கடைசியில் ஒரு பூங்கா" என்பது பிற்பகல் மூன்று மணிக்கு வியர்த்து விறுவிறுத்துப் போய் இறங்குவதாக முடியும். பறவையும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். லண்டனில் அவர்கள் நடந்த பாதைகள் மேடும் சரிவுமாகக் காய்ந்த மண்ணில் போகும். பாதையை விட்டு விலகிப் புல்லில் ஓடலாம், மரத்தில் ஏறலாம். கொழும்பில் மிஞ்சியிருக்கும் காடு தண்ணீருக்குள் நிற்கும் காடு. பாதையில் பெரும்பகுதி பலகை போட்ட நடைமேடை. அதற்குக் கீழே சேறு. விலகி நடக்க இடமில்லை, ஓடவும் கூடாது. தூரமும் அதிகமில்லை. நடக்கும் தூரத்தை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் சப்பென்று முடிந்துவிடும். நின்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மணி நேரமும் போதாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும். முதல் கபரகொய்யாவை, அதாவது பெரிய நீர் உடும்பை, கண்டதும் பிடிபட்டுவிடும்.

ஏன் இந்த இடம், ஏன் விகாரமகாதேவி பூங்கா இல்லை என்று அம்மா கேட்கக்கூடும். நகரசபைக்கு முன்னால், நடுக் கொழும்பில், பஸ் வசதியோடு அதுவும் பெரிய பூங்காதான். பழைய விக்டோரியா பூங்கா. அங்கே பிரமாண்டமான மரங்கள் இருக்கின்றன, பகலில் பழவௌவால்கள் கிளை கொள்ளாமல் தொங்கும். ஆனால் அது உலாவும் தோட்டம், காடல்ல. பெத்தகான வேறு வகை. கோட்டேயில், நாடாளுமன்ற ஏரியை ஒட்டி, 1985இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தின் ஒரு துண்டு அது. ஏறத்தாழ 18 ஹெக்டேயர். உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டு 2016இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அந்தத் திட்டம் வந்த காரணத்தைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், புரியும். 2010 நவம்பரில் ஓர் இரவு கொட்டிய மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. அந்த வளாகத்தை ஒட்டிய தியவன்னா ஓயா நீர்ப்பரப்பைச் சுற்றியிருந்த சதுப்புகளை மண் போட்டு நிரப்பி வீடும் வீதியும் கட்டிக்கொண்டே போனதால், மழைநீர் தங்கி நிற்க இடமில்லாமல் போயிற்று. எஞ்சிய ஈரநிலங்களை விட்டுவைத்தால்தான் நகரம் பிழைக்கும் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் அதிகாரிகளுக்கு உறைத்தது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சாசனத்தின் கீழ் "ஈரநில நகரம்" என்ற அங்கீகாரம் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தபோது கொழும்பும் அவற்றில் ஒன்றாக இருந்தது. ஆகவே நீங்கள் நடக்கப்போகும் பலகைக்குக் கீழே இருக்கும் சேறு, மழை நாளில் கோட்டேக்காரர்களின் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வராமல் காக்கும் சேறு.

இதே சதுப்பு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு வேலை செய்தது. அதில் நமக்கும் பங்குண்டு. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற பலம்வாய்ந்த அமைச்சர், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையைத் தடுப்பதற்காகவே இந்தச் சதுப்புகளுக்கு நடுவே ஓர் அரணைக் கட்டினார். சுற்றிலும் இயற்கை அகழி. யானைப்படையும் குதிரையும் சேற்றில் புதையும். அந்த அரண்தான் பிறகு கோட்டே இராச்சியத்தின் தலைநகராக வளர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட கோட்டே இளவரசர் செண்பகப் பெருமாள் 1450ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும், பின்னர் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டேயை ஆண்டதும் பள்ளியில் படித்ததுதான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் சொல்லப்படும் புகழுரையான கட்டியத்தில் வரும் புவனேகபாகு அவரே என்று சொல்வோர் உண்டு. அம்மாவுக்கு மீன்கொத்தியைவிட இந்தக் கதை பிடிக்கலாம். பிட்டகோட்டேப் பக்கம் பழைய மதிலின் மிச்சங்களும், பூங்காவுக்கு அருகில் வெஹெரகந்த என்ற தொல்லியல் மேடும் இருக்கின்றன. நேரமும் முழங்காலும் இடம் கொடுத்தால் மட்டும் எட்டிப் பாருங்கள்.

இனி நேரம். டிசம்பரில் கொழும்பில் ஆறேகால் அளவில் விடியும். ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். ஒன்பதரைக்கு மேல் நீர்ப்பறவைகள் நாணலுக்குள் ஒதுங்கிவிடும், காற்று நிற்கும், ஈரநிலத்தின் புழுக்கம் எழும்பும். மாலை நாலரைக்குப் பிறகும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாடம், டிசம்பரிலும் அதன் வால் நீளும். மாலை இருட்டுமுன் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதால் மழைக்கு ஒதுங்கி நின்றாலே பொழுது போய்விடும். காலைதான் நம்பகமானது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் வேண்டாம். கூட்டம் ஒருபுறம், திருமணப் படப்பிடிப்புகள் மறுபுறம். குறுகிய பலகைப் பாதையில் ஒரு மணப்பெண்ணின் சேலைத் தலைப்பை மூன்று பேர் பிடித்து நின்றால் உங்கள் ஊர்வலம் அங்கேயே தங்கிவிடும். வார நாள் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அலுவலக நெரிசல் பெரும்பாலும் கொழும்புக்குள் வரும் திசையில் இருக்கும். நீங்கள் எதிர்த் திசையில் போவீர்கள்.

டிசம்பர் என்பதே உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே இருக்கும். அவற்றில் ஒன்றையாவது காது கொடுத்துக் கேட்கலாம்: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் வட, நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வரும் சின்னப் பறவை. விடியும்போதும் அந்திசாயும்போதும் இரண்டு சுரமாக விசில் அடிக்கும். பகலில் மரத்தடிச் சருகுகளைக் கிளறிக்கொண்டு திரியும். வயிற்றின் அடியில் சிவப்பு, முதுகில் பச்சை, இறக்கையில் நீலம் என்று இத்தனை நிறம் இருந்தும் நிழலில் நின்றால் கண்ணுக்கு அகப்படாது. சருகு அசைவதைப் பாருங்கள், பறவையைத் தேடாதீர்கள்.

அது அகப்படாவிட்டாலும் நீலத் தாழைக்கோழி கட்டாயம் அகப்படும். கோழியளவு, கருநீலம், சிவந்த அலகு, நெற்றியிலும் சிவப்புப் பட்டயம். அது தின்பதை ஐந்து நிமிடம் நின்று பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கோரைத் தண்டு ஒன்றை அலகால் இழுத்துப் பிடுங்கும். பிறகு ஒற்றைக்காலில் நின்றபடி, மற்றக் காலின் நீண்ட விரல்களால் தண்டைச் சுற்றிப் பிடித்து வாய்வரை தூக்கும். வெளிப்பட்டையைக் கிழித்துத் துப்பிவிட்டு, உள்ளேயிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போகும். பறவை காலைக் கைபோல் பயன்படுத்துவதை இவ்வளவு கிட்டத்தில், தொலைநோக்கி இல்லாமலே பார்க்கக் கிடைப்பது அபூர்வம். ஆம்பல் இலைகளின்மேல் இலைக்கோழியும் நடக்கும். விரல்கள் நீண்டு விரிந்திருப்பதால் அதன் எடை இலையில் பரவிவிடுகிறது. மீன்கொத்தியிலும் இரண்டைப் பிரித்தறியப் பழகலாம். வீட்டுக் கம்பியில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று. அதைவிடப் பெரிய, தடித்த சிவப்பு அலகோடு நிழலான கிளையில் அசையாமல் இருக்கும் பெருவாய் மீன்கொத்தி மற்றது.

மரங்களில் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். அடிமரம் பெருத்து, தண்ணீரில் கால் ஊன்றி, கூட்டம் கூட்டமாக நிற்கும் பளபளப்பான இலை மரம். பச்சையும் மஞ்சளுமாக வழுவழுப்பான பழம். நம் வளவுகளில் நிற்கும் அன்னமுன்னாவின் உறவுதான். சிங்களத்தில் வெல் ஆத்தா என்பார்கள். பார்வைக்குப் பூர்வீகக் காடுபோல் தோன்றும். உண்மையில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து ஆக்கிரமித்த மரம். பழம் மிதந்து போய் விதை பரவும், பிறகு வேறெதையும் முளைக்கவிடாது. கொழும்பின் சதுப்புகளில் பெரும்பகுதியை இது விழுங்கிவிட்டது. அடர்ந்த பச்சை எல்லாம் ஆரோக்கியம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. மற்றொன்று கடுரு மரம், கொழும்பின் ஈரநிலங்களில் சாதாரணமாக வளர்வது. வெள்ளைப் பூ வாசமாக இருக்கும், காய் பச்சை மாங்காய் மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கும் பருப்பு இதயத்தை நிறுத்தக்கூடிய கடும் நஞ்சு. கீழே விழுந்து கிடக்கும் எந்தக் காயையும் பிள்ளைகள் கையில் எடுக்கக் கூடாது என்று வாகனத்திலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கபரகொய்யா விஷயம். லண்டன் பிள்ளைகள் முதலில் முதலை என்று கத்துவார்கள். ஆறடி நீளம்வரை வளரும், நாக்கைத் துருத்தித் துருத்தி மணம் பிடித்துக்கொண்டு பாதைக்குக் கீழே நீந்திப் போகும். வழியில் படுத்திருந்தால் நில்லுங்கள். அதுவே எழுந்து போகும். சுற்றி வளைத்துப் படம் எடுக்கப் போனால் வாலால் அடிக்கும். உண்மையான முதலைகளும் தியவன்னா ஓயாப் பக்கத்து நீர்நிலைகளில் உண்டு. ஆகவே தண்ணீரில் கை நனைப்பது, கால் தொங்கப்போடுவது கூடவே கூடாது. மீன்பிடிப் பூனையைப் பற்றிப் பிள்ளைகள் எங்காவது படித்துவிட்டுக் கேட்பார்கள். கொழும்பு ஈரநிலங்களில் அது வாழ்கிறது என்பது உண்மை. தலைநகர் ஒன்றின் நடுவே இப்படியொரு காட்டுப்பூனை வாழ்வது பெரிய விஷயம்தான். ஆனால் இரவில் நடமாடும் விலங்கு. பார்ப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சேற்றில் பாதத்தடம் கண்டால் அதுவே பெரிது.

பாம்பைவிட நுளம்புதான் எனக்குப் பயம். டெங்கைப் பரப்பும் நுளம்பு கடிப்பது காலையிலும் பிற்பகல் கடைசியிலும், அதாவது நீங்கள் நடக்கும் அதே நேரத்தில். முழுக்கை மேற்சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை, நுளம்பு விரட்டும் களிம்பு ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். வெயில் தேசத்துக்கு வந்திருக்கிறோம் என்று அரைக் காற்சட்டையோடு நிற்கும் அண்ணாவுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காலுக்கு அடி சறுக்காத சப்பாத்து. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். இரவு மழை பெய்த பலகையில் பாசி பிடித்திருக்கும், எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். எங்காவது பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தால் அது அலங்காரமல்ல. பலகை உளுத்துப்போயிருக்கும் என்று அர்த்தம்.

அம்மாவைப் பற்றி: அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் முழுச் சுற்றும் நடக்கவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பெத்தகானவில் ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை என்பதுதான் அவருக்கு வசதி. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் விளக்க மண்டபமும் கழிப்பறையும் இருக்கின்றன; உள்ளே போகுமுன் எல்லோரும் போய்விட்டு வருவது நல்லது. முதல் பகுதியில் அவருடைய வேகத்தில் எல்லோரும் நடங்கள். பிறகு நிழலான இருக்கை ஒன்றில் அவரும், துணைக்கு அண்ணியோ நீங்களோ இருந்துகொள்ள, மற்றவர்கள் பிள்ளைகளோடு பறவை பார்க்கும் கோபுரம்வரை போய்வரட்டும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். பறவைகள் நடப்பவர்களைத்தான் அஞ்சும். கோபுரத்தில் ஏறும் வேலை அம்மாவுக்கு வேண்டாம். ஊன்றுகோல் பாவிப்பவராக இருந்தால் அதன் நுனியில் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பலகை இடுக்கில் கோல் நுனி அகப்படும்.

போகும் வழி: வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக ஹைலெவல் வீதியைப் பிடித்து, நுகேகொடை தாண்டிப் பிட்டகோட்டேக்குப் போகவேண்டும். இத்தனை பேருக்கு முச்சக்கர வண்டி இரண்டு பிடிப்பதைவிட ஒரு வான் அமர்த்துவது மலிவு, நிம்மதியும்கூட. வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலியில் "பெத்தகான ஈரநிலப் பூங்கா" என்று இடத்தைக் குறித்துக் கொடுங்கள். ஓட்டுநரிடம் வெறுமனே "கோட்டே பார்க்" என்று சொன்னால் பத்தரமுல்லையில் ஏரிக்கரைப் பூங்காவான தியத்த உயனவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்கள் 176ஆம் இலக்க பஸ்ஸில் ராஜகிரியவரை வந்து, அங்கிருந்து முச்சக்கர வண்டி பிடிக்கலாம்.

டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. முகத்தையும் பேச்சையும் பார்த்து விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்; லண்டன் உச்சரிப்பில் பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசினாலே போதும். அண்ணாவிடம் இலங்கை அடையாள அட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழோ இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாதவர்களுக்கு வெளிநாட்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போங்கள். கவுண்டரில் நின்று வாதாடுவதில் போவது அந்தப் பொன்னான இரண்டு மணி நேரம். காசுத் தாளாகக் கொஞ்சம் வைத்திருங்கள். கட்டணமும் திறக்கும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகவேண்டாம். குரங்கும் காகமும் மணம் பிடித்துவிட்டால் பிள்ளைகளின் கையில் எதுவும் தங்காது. தண்ணீர்ப் போத்தல் மட்டும் ஆளுக்கொன்று போதும். காலையில் வீட்டில் இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். பத்து மணிக்கு வெளியே வந்ததும் பசிக்கும். அப்போது பத்தரமுல்லைப் பக்கம் போகாமல் நேராக வெள்ளவத்தைக்கே திரும்பி, காலி வீதியில் உங்களுக்குப் பழக்கமான கடையில் தோசையும் வடையும் சாப்பிடலாம். தியத்த உயனவில் ஏரிக்கரையோரம் உணவுக்கடைகள் இருக்கின்றன என்றாலும் அங்கே களைகட்டுவது மாலையில்தான்.

தியசரு பூங்காவைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். தலவத்துகொடையில் இருக்கிறது, ஏறத்தாழ 24 ஹெக்டேயர், பெத்தகானவைவிடப் பெரிது. பறவைகளை மறைந்திருந்து பார்க்கும் குடில்கள் உண்டு, நடப்பதற்கும் தூரம் அதிகம். பிள்ளைகளும் அண்ணாவும் மட்டும் போவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அம்மா வருகிறார், வெள்ளவத்தையிலிருந்து தூரமும் கூடுதல் என்பதால் இந்த முறை பெத்தகான. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய் இன்னொரு நாள் கேட்டால், அவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு தியசருவுக்குப் போங்கள்.

அன்று காலை எழும்பும்போதே மழை கொட்டினால் திட்டத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். ஈரப் பலகையில் அம்மாவை நடத்திப் பார்க்க வேண்டாம். வான் வண்டியை ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால் விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே உள்ள தேசிய நூதனசாலைக்குப் போகலாம். 1877இல் திறந்த கட்டடம், மழைக்கு ஒதுங்க நல்ல இடம், கோட்டே காலத்துப் பொருள்களையும் பார்க்கலாம். மழை விட்டதும் வீதியைக் கடந்தால் பூங்காவின் பழவௌவால்கள் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும், நுழைவதற்குக் கட்டணமும் இல்லை.